வராதவர் வீட்டுக்குப் போய்க் கேட்பது

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் பக்கத்தில் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் பாய் விரித்திருக்கும். வாரம் ஒரு வீடு. பாய் நடுவில் ஒரு தகரப்பெட்டி. அதற்குள் மூன்று நோட்டு, பேங்க் பாஸ்புக், ஒரு ஸ்டாம்ப் பேட், மை தீர்ந்த பேனா இரண்டு, தீராத பேனா ஒன்று. வந்தவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். எழுதத் தெரியாத பாட்டி ஒருவர் கட்டைவிரலை மையில் தொட்டுவிட்டு, விரலைச் சேலைத் தலைப்பில் துடைக்காமல் தென்னை மரத்தில் துடைப்பார். அந்த மரத்தில் நீலக்கறை இன்னும் இருக்கிறது.

இதற்கு அயல்கூட்டம் என்று பெயர். குடும்பஸ்ரீ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், கேரள அரசின் வறுமை ஒழிப்பு இயக்கம். அதன் அடிவேர் இந்தப் பாய்தான்.

நான் பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவள். 2009இல் கல்யாணமாகி கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்தேன். நடுவில் ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான் தூரம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் இது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி எல்லாம் வீட்டில் தமிழ் பேசுகிற ஊர்கள். ஆபீஸுக்குப் போனால் மலையாளம். பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கிற காற்றுக்கு எல்லை கிடையாது, இரண்டு பக்கத்துத் தென்னையையும் ஒரே மாதிரி ஆட்டும்.

வந்த மூன்றாவது மாதம் அத்தை சொன்னார்: "எனக்கு முட்டி புடிச்சுக்குது அம்மிணி. இனி நீ போய் உக்காரு."

நான் போனது ஒரு நினைப்போடு. எங்கள் அம்மா மகளிர் குழுவில் இருந்தவர். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கி, பிறகு மகளிர் திட்டமாக எல்லா மாவட்டத்துக்கும் வந்தவை. அம்மா அந்தக் குழுவில் கடன் வாங்கித்தான் எருமை பிடித்தார், அந்தப் பாலில்தான் நான் படித்தேன். அதனால் அதைக் குறைத்துச் சொல்ல என் வாய் வராது. ஆனால் அம்மாவின் குழுவில் பேச்சு முழுக்கப் பணம்தான். யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை, லோன் எப்போது வரும். இங்கேயும் அதுதான் என்று உட்கார்ந்தேன்.

சந்தா வாங்கி முடிந்ததும் செயலாளர் அக்கா நோட்டைப் பார்த்து, "பதினெட்டுல பதினஞ்சு பேர் வந்திருக்கோம். மூணு பேர் வரலை. யார் போய்க் கேக்கறது?" என்றார். தவணை கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். புதுசாக வந்தவள் வீடு தெரிந்துகொள்ளட்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். இரண்டாவது வீடு பூட்டியிருந்தது, பக்கத்தில் கேட்டால் பழனிக்குப் போயிருந்தார்கள். மூன்றாவது வீட்டில் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே அந்த அக்கா மூன்று நாள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். வீட்டுக்காரர் கள்ளு இறக்கப் போனவர், ஆலப்புழைப் பக்கமோ எங்கேயோ. பிள்ளைகள் இரண்டும் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. செயலாளர் அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுகாதாரம் பார்க்கிற வாலண்டியருக்குப் போன் செய்தார். அரை மணி நேரத்தில் ஆட்டோ வந்தது. சந்தாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்கு எனக்குப் புரிந்த விஷயம்தான் இன்றைக்கும் எனக்கு இந்த அமைப்பின் உயிர். வந்தவர்களை வைத்துக் கூட்டம் நடத்துவது எளிது. கூட்டத்துக்கு வராத வீட்டில்தான் அநேகமாகப் பிரச்சினை இருக்கும். அந்த வீட்டுக்குப் போக ஒருவருக்குப் பொறுப்பு இருக்க வேண்டும், அதுவும் பேர் சொல்லி, நோட்டில் எழுதிய பொறுப்பு.

இதை யோசித்துச் செய்தவர்கள் ஆலப்புழைக்காரர்கள். 1990களின் தொடக்கத்தில் ஆலப்புழை நகராட்சியில் யுனிசெஃப் துணையோடு ஒரு வேலை நடந்தது. ஏழைக் குடும்பம் எது என்று கண்டுபிடிக்க வருமானம் கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை, சொல்லவும் தெரியாது. தினக்கூலிக்கு ஏது மாத வருமானம்? அதனால் கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய ஒன்பது அடையாளங்களை வைத்தார்கள். ஒழுங்கான வீடு இல்லை. பக்கத்தில் நல்ல தண்ணீர் இல்லை. கக்கூஸ் இல்லை. சம்பாதிப்பவர் ஒருவர், அல்லது அந்த ஒருவரும் இல்லை. இரண்டு வேளைச் சாப்பாடு கிடையாது. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை. வீட்டில் குடிகாரர். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர். தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடிக் குடும்பம். இதில் நான்கு இருந்தால் அந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும்.

இதற்கு வெளியூர் அதிகாரி வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒன்பதும் தெரியும். பத்து மணிக்கு மேலாகியும் எந்த வீட்டு அடுப்பில் புகை வரவில்லை என்று தாசில்தாருக்குத் தெரியுமா?

1993இல் ஆலப்புழையில் இந்தப் பெண்களின் சமூக வளர்ச்சிச் சங்கம் உருவானது, அடுத்து மலப்புறத்தின் கிராமங்களில் செய்து பார்த்தார்கள். 1998 மே 17 அன்று மலப்புறத்தில் பிரதமர் வாஜ்பாய் குடும்பஸ்ரீயைத் தொடங்கிவைத்தார். இன்றைக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு ஒருவர், பத்து முதல் இருபது பேர் சேர்ந்தால் ஓர் அயல்கூட்டம். வார்டில் உள்ள அயல்கூட்டங்கள் எல்லாம் சேர்ந்தால் ஏ.டி.எஸ். என்கிற பகுதிச் சங்கம், பஞ்சாயத்து அளவில் சி.டி.எஸ். என்கிற சமூக வளர்ச்சிச் சங்கம். அயல்கூட்டத்துக்குத் தலைவி, செயலாளர், இவர்களோடு மூன்று வாலண்டியர்கள்: ஒருவர் சுகாதாரம், ஒருவர் வருமானம், ஒருவர் தண்ணீர், ரோடு, தெருவிளக்கு மாதிரி அடிப்படை வசதி.

இந்த ஐந்து பேர் ஏற்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரே தலைவி என்றால் அவர் வீட்டு வாசலில்தான் எல்லாரும் போய் நிற்க வேண்டும், கொஞ்ச நாளில் அவர் நடையே மாறிவிடும். ஐந்து பேருக்கு ஐந்து வேலை என்றால், தண்ணீர் வரவில்லை என்று தலைவியே வாலண்டியரிடம் வந்துதான் கேட்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊரைச் சொல்ல முடியாது. கேரளம் என்றால் மழை என்று தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் மழை மறைவுப் பூமி. தமிழ்நாட்டோடு உள்ள பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர்ப் புழை ஆற்றுக்கு வர வேண்டும். அது வந்தால் வாய்க்காலில் ஓடும், தாமதமானால் எல்லைக்கு இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை ஓடும். பக்கத்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்தில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. அங்கே குளிர்பான ஆலையால் கிணற்று நீர் கெட்டது என்று 2002 ஏப்ரல் 22 முதல் ஆலை வாசலில் உட்கார்ந்தவர் மயிலம்மா என்ற ஆதிவாசிப் பெண். பள்ளிக்கூடம் போகாதவர். 2004இல் ஆலை நின்றது, 2007இல் அவர் இறந்துபோனார். தண்ணீர் கெட்டது சோறு பொங்குகிறவளுக்குத்தான் முதலில் தெரியும் என்று எங்கள் அத்தை அவரை நினைத்துச் சொல்வார்.

2016இல் இரண்டு பருவமழையும் பொய்த்தன. கேரளத்தின் 14 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அறிவித்தார்கள். அடுத்த கோடை எங்களுக்கு மறக்காது. போர்வெல்லில் காற்றுதான் வந்தது. வார்டுக்குத் தண்ணீர் லாரி விட்டார்கள். லாரி தார் ரோட்டில் நிற்கும், கூட்டம் பாயும், இருபது நிமிஷத்தில் தீர்ந்துவிடும். வாய்க்கால் கரைப் புறம்போக்கில் எட்டு வீடுகள் இருக்கின்றன. அங்கே லாரி திரும்பாது. அவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் டிரைவர் வால்வை மூடியிருப்பார்.

வார்டில் ஆறு அயல்கூட்டம். ஆறு தலைவிகளும் ஏ.டி.எஸ். கூட்டத்தில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்று சொல்கிறேன், சண்டை போட்டார்கள் என்பதுதான் நிஜம். எங்கள் தெருவில் ஆள் ஜாஸ்தி என்று ஒருவர். எங்கள் தெருவில் மாடு இருக்கிறது என்று இன்னொருவர். வாய்க்கால் கரைக்காரர்கள் வரி கட்டுகிறார்களா என்று ஒரு சத்தம், யாருடையது என்று எழுத மாட்டேன். அப்போது நான் எங்கள் கூட்டத்தின் அடிப்படை வசதி வாலண்டியர். மூலையில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன், எழுதுகிற அளவுக்கு எதுவும் முடிவாகவில்லை.

மலையாளச் சேச்சி ஒருவர்தான் வழி சொன்னார். "நம்மள் யாரும் எண்ணிப் பார்க்காமத்தான் பேசறோம். ஆத்யம் எண்ணுவோம்," என்றார் பாதித் தமிழில்.

மறுநாள் காலை ஆறு வாலண்டியர்களும் சேர்ந்தே எல்லாத் தெருவுக்கும் போனோம். அவரவர் தெருவுக்கு அவரவர் மட்டும் போகக்கூடாது என்பது சேச்சி போட்ட நிபந்தனை. எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, படுக்கையில் யாராவது உண்டா, மாடு எத்தனை, தொட்டி எவ்வளவு கொள்ளும். மாடு இருக்கிறது என்று சத்தம் போட்ட அக்காவும் கூட வந்தார், வாய்க்கால் கரையில் ஒரு குடிசையில் நின்றார். அங்கே ஒரு பெண் ஒரு போசித் தண்ணீரில் மூன்று பிள்ளைகளையும் குளிப்பாட்டி, அதே தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்துத் துணிக்கு வைத்திருந்தாள். இவர் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து, "எங்க தோட்டத்துல சொட்டு நீருக்கு வாங்குன ஓஸ் நூறு மீட்டர் சும்மா கெடக்குது," என்றார்.

அந்த ஓஸ்தான் வழியைத் திறந்தது. லாரி வந்ததும் முதலில் ஓஸை மாட்டி வாய்க்கால் கரையில் இரண்டு டிரம்மை நிரப்பிவிட்டு, பிறகுதான் தார் ரோட்டில் குடம் என்று முடிவானது. ஓஸை இழுக்க ஆண்கள் வந்தார்கள், கூப்பிட்டதும் வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டிரைவரிடமும் முதல்முறையாக யாரோ பேசினார்கள். ஒவ்வொரு முக்கிலும் பத்துப் பேர் மறித்து வண்டியைத் தட்டுகிறார்கள் என்று அவருக்கு ஒரு குறை இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு தினம் ஒரு வாலண்டியர் முன்சீட்டில் ஏறிக்கொண்டோம். தேதி, வந்த நேரம், எத்தனை டிரம், டிரைவர் கையெழுத்து என்று ஒரு நோட்டும் போட்டோம்.

நோட்டு எதற்கு என்று அப்போது எனக்கே தோன்றியது. இரண்டு மாதம் கழித்து, லாரி அடிக்கடி வரவில்லை என்று ஓர் அலுவலகத்தில் சொல்லப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஃபைலைப் பார்த்து, உங்கள் வார்டுக்கு 26 நடை ஓடியிருக்கிறது என்றார். எங்கள் நோட்டில் 19. ஆறு பேரும் ஒன்றும் பேசாமல் நோட்டை விரித்து வைத்தோம். பத்தொன்பது கையெழுத்து, ஒரே டிரைவரின் கையெழுத்து. அவர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். அடுத்த திங்களிலிருந்து லாரி நாள் தவறவில்லை. மிச்ச ஏழு நடை எங்கே போனது என்று நாங்கள் கிளறவில்லை. கிளறியிருக்க வேண்டும் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் பெண்களின் நல்ல மனசு என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கி, மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தார்கள். கிராம சபையில் ஒரு பெண் எழுந்து எங்கள் தெருவுக்குக் குழாய் வேண்டும் என்றால், அந்தக் குழாய்க்குப் பணம் பஞ்சாயத்திலேயே இருக்க வாய்ப்புண்டு. அவர் தனியாகவும் வருவதில்லை, பதினெட்டு வீடு பேசி முடித்ததைத்தான் வந்து சொல்கிறார். தமிழ்நாட்டில் என் தங்கை கிராம சபைக்குப் போகிறாள், அவளும் தைரியமாகத்தான் பேசுகிறாள். அவள் பேச்சுக்குப் பின்னால் ஒரு தெருவின் நோட்டு இல்லை. அதுதான் எனக்குக் குறையாகத் தெரிகிறது.

கடன் விஷயமும் ஒன்று உண்டு. எங்கள் பக்கம் வட்டிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. பைக்கில் வருவார்கள், வாரவட்டி. பாலக்காடு மாவட்டத்தில்தான் 2018இல் 'முற்றத்தே முல்ல' என்று ஒரு திட்டம் வந்தது. கூட்டுறவு வங்கிப் பணத்தை அயல்கூட்டத்துப் பெண்களே வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுப்பார்கள். தொடங்கியபோது ஆயிரம் முதல் 25,000 வரை, வருஷத்துக்கு 12 சதவீத வட்டி. முற்றத்தில் பூத்த முல்லைக்கு மணமில்லை என்று மலையாளத்தில் ஒரு பழமொழி. அதைத் திருப்பிப் போட்டு வைத்த பேர். எங்கள் டைலர் அக்கா வட்டிக்காரரிடம் ஓவர்லாக் மிஷினையே பறிகொடுக்க இருந்தவர். மூன்று வாரம் கூட்டத்துக்கு வரவில்லை, போய்க் கேட்டபோதுதான் விஷயமே வெளியே வந்தது. கடன்பட்டவர்கள் முதலில் செய்வது கூட்டத்துக்கு வராமல் இருப்பது. மிஷின் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, என் மகளின் யூனிஃபார்ம் அதில் தைத்ததுதான்.

இதில் மனசுக்கு ஒவ்வாததும் உண்டு, மறைக்க மாட்டேன். சி.டி.எஸ். தேர்தல் வந்தால் கட்சி உள்ளே நுழைந்துவிடும். நேற்றுவரை ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள் அந்த மாதம் முகம் கொடுக்க மாட்டார்கள். கட்சிக் கூட்டத்துக்கு ஆள் எண்ணிக்கை காட்ட எங்களைக் கூப்பிட்டதும் உண்டு. வரவில்லை என்றால் லோன் தாமதமாகும் என்று ஜாடையாகச் சொன்னதும் உண்டு. அப்படி வராதவர்களைப் போய்க் கேட்கச் சொன்னபோது எங்கள் செயலாளர் அக்கா, "அதுக்கு நான் போக மாட்டேன்," என்று நோட்டை மூடிவிட்டார். வேலைப் பளுவும் அப்படித்தான். கணக்கெடுப்பு, விழிப்புணர்வு, பிரச்சாரம், எந்தத் துறைக்கு எது வேண்டுமானாலும் குடும்பஸ்ரீப் பெண்கள். கூலி மட்டும் பல நேரம் ஒரு டீயும் பிஸ்கட்டும். வாலண்டியர் என்ற சொல்லுக்கு இவ்வளவு பாரம் ஏற்றுவது நியாயமில்லை.

கேரளம் 2021இல் அதிதீவிர வறுமையில் உள்ள குடும்பங்களைக் கணக்கெடுத்தபோது 64,006 என்று வந்தது. 2025 நவம்பர் 1 அன்று அந்த வறுமை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். எண்ணிக்கை சரியா என்று விவாதம் நடந்தது, நடக்க வேண்டியதுதான். நான் பார்த்தது வேறு. பட்டியலில் இருந்த பலருக்கு ரேஷன் கார்டோ ஆதாரோ இல்லை, எந்தத் திட்டத்திலும் பேர் இல்லை. எந்தக் கூட்டத்துக்கும் வராதவர்கள். கடைத்திண்ணையில் படுப்பவர், மகன் விட்டுப்போன கிழவி. பேர் எழுதுவதற்கு முன் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யாராவது தேடிப் போக வேண்டியிருந்தது.

வாய்க்கால் கரைக் குடிசையில் ஒரு போசித் தண்ணீரில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிய பெண்ணைச் சொன்னேன் அல்லவா. அந்தக் கோடை முடிந்ததும் எங்கள் கூட்டத்தில் சேர்ந்தாள். ஒரு வருஷம் வாயே திறக்கவில்லை. ஐந்தாவது வரை தமிழில் படித்தவள், எழுத்து நிறுத்தி நிறுத்தி வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் செயலாளர் பொறுப்பை விட்டபோது, அவள் பேரைச் சொன்னது அந்த ஓஸ் கொடுத்த அக்கா.

மினிட்ஸ் மலையாளத்தில் இருந்தால் ஆடிட்டுக்குச் சௌகரியம் என்று மேலிருந்து சொன்னார்கள். தமிழில் எழுதட்டும், பக்கத்தில் காலேஜ் போகிற பெண் ஒருத்தி மலையாளத்தில் எழுதித் தரட்டும் என்று கூட்டத்தில் முடிவு செய்தோம். இப்போது இடது பக்கம் தமிழ், வலது பக்கம் மலையாளம்.

முதல் வாரம் அவள் எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். கோடு போட்ட நோட்டில் எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் போயிருக்கின்றன. 'சந்தா' என்பதை ஒருமுறை அடித்துத் திருத்தியிருக்கிறாள். முதல் வரி இப்படி: 'இன்று 16 பேர் வந்தோம். 2 பேர் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். நான் போகிறேன்.'